பாத்தித் தண்ணீரில் உப்புக்கட்டி

எனக்கு முன்கோபம் அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். நான் மட்டும் அதைச் சுறுசுறுப்பு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த நினைப்பில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மண்ணைப் போட்டாள்.

மரக்காணம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை நான். தினமும் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். உப்பளங்களை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி, ஒரு நாளும் இறங்கிப் போனதில்லை.

அன்று பருமன் அளக்கும் பாடம். எண்ணெயோ பாலோ என்றால் அளவு ஜாடியில் ஊற்றிக் கோட்டைப் பார்த்துவிடலாம். செங்கல் என்றால் ஸ்கேல் போதும். கோணல்மாணலான கல்லைத்தான் ஜாடித் தண்ணீரில் மூழ்கடித்து, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். அப்படி ஒரு பொருளை ஆளுக்கொன்று கொண்டுவந்து அளந்து நோட்டில் எழுதச் சொல்லியிருந்தேன். நன்றாகச் செய்கிற ஒருவருக்கு வானூர் அறிவியல் கண்காட்சிக்குப் போகும் வாய்ப்பு. மூன்றாவது பெஞ்சுப் பெண் வானூருக்கு எந்த பஸ் என்று அதற்குள் இரண்டு முறை கேட்டுவிட்டாள். அவள் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்பவர்கள்.

மற்றவர்கள் கல்லும் கிளிஞ்சலும் கொண்டுவந்தார்கள். அவள் காகிதத்தைப் பிரித்து ஓர் உப்புக்கட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"ஏம்மா, உப்பு தண்ணியில கரையும்னு தெரியாதா உனக்கு?"

"கரையாது மிஸ். எங்க உப்புப் பாத்தியில தண்ணிக்குள்ளதான் கெடக்குது. அப்பா அதுல நின்னுதான் வாருறாரு."

வகுப்பே சிரித்தது. எனக்கு எரிச்சல் வந்தது. குழாய்த் தண்ணீர் ஐம்பது மில்லி ஊற்றி, கட்டியை உள்ளே போட்டுப் பென்சிலால் நாலு கலக்கு கலக்கினேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கரைந்து பாதியாகிவிட்டது. "பார்த்தியா? இதுல எதை அளப்ப? காத்தையா?" என்றேன். நோட்டில் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் "தவறு" என்று எழுதினேன். அவள் அழவில்லை, நோட்டை மூடி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் இடைவேளையில் தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையில் இன்னொரு கட்டி.

"இது பாத்தித் தண்ணி மிஸ். ஒரு தடவ மட்டும் பாக்கறீங்களா?"

வேண்டாம் என்று வாய்வரை வந்துவிட்டது. ஏனோ ஜாடியை எடுத்துக் கொடுத்தேன். அவள் குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து, ஐம்பது மில்லிவரை ஊற்றினாள். நான் சொல்லிக்கொடுத்தபடியேதான் செய்தாள். கட்டியை நூலில் கட்டி இறக்கினாள். தண்ணீர் அறுபத்து மூன்றுக்கு ஏறியது.

மணி அடித்தது. மற்றவர்களும் உள்ளே வந்து மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். பாடத்தை விட்டுவிட்டு எல்லோருமாக அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அறுபத்து மூன்று அசையவே இல்லை. நூலைத் தூக்கினால் கட்டி போட்டபடியே இருந்தது.

அந்தத் தண்ணீர் தன்னால் குடிக்க முடிந்த உப்பையெல்லாம் ஏற்கெனவே குடித்துவிட்டது. இனி ஓர் உப்புக்கல் கரையக்கூட அதில் இடம் கிடையாது. தெவிட்டிய கரைசல் என்று வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதிப்போடுவது நான்தான். முந்தின நாள் அது என் தலையில் உதிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. எல்லோர் முன்னாலும், "நேத்து தப்பு பண்ணது நான்தாம்மா" என்றேன்.

"அப்ப நோட்டு மிஸ்?"

சிவப்பு எழுத்தை நானே அடித்துவிட்டு, பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவள் கிழிக்கவில்லை. கீழே "பருமன் 13 மில்லி" என்று எழுதினாள்.

வானூருக்கு அவள்தான் போனாள். கண்காட்சியில் மதிப்பெண் போட வந்தவர் ஜாடியைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார், சிவப்பு எழுத்து இருந்த பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"இது என்னம்மா, பெருசா தப்புன்னு போட்டு அடிச்சிருக்குது?"

"அது என் தப்பு இல்லீங்க சார்" என்றாள். "எங்க மிஸ்ஸோடது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த நான் கையைத் தூக்கினேன்.