பொலிஸ் சுடுகூடமும் என் றப்போர்ட் தாள்களும்

1. வெறுமையாக விடாதே

பொலிஸ் கட்டடத்துக்குள் முதன்முதலில் போன அன்று வாசல்வரை போய் இரண்டுதரம் திரும்பினேன். ஊரில் சீருடையைக் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கம் திருப்பிப் பழகியவன் நான். இங்கே அவர்களுடைய நிலவறையைக் கூட்டித் துடைக்கவே என்னைச் சம்பளத்துக்கு எடுத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கையில் எஃப் விசா, தற்காலிகமாகத் தங்க விடுகிற அனுமதி. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எந்த நகரம் என்று எழுதவில்லை. இப்போது வேறு ஊரில், ஓஸ்டர்முண்டிகனில், பென்சனோடு இருக்கிறேன் என்றாலும், அந்த நகரத்தில் என்னைத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நிலவறையில் சுடுகூடம் இருந்தது. பொலிஸ்காரர்கள் பிஸ்டல் சுட்டுப் பழகும் இடம். எனக்கு மேலாளர், கட்டடத்தைப் பராமரிக்கும் அப்வார்ட் ஹெர் குன்ஸ். 'ஹெர்' என்றால் மிஸ்டர். அவர் ஒரு றப்போர்ட் தாளைக் கையில் தந்தார். திகதி, அறை, நேரம், கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம். அவர் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொன்னதை என் பேச்சில் தருகிறேன்.

"எதைக் கண்டியோ அதை எழுது. வெறுமையா விட்டா நீ வேலைக்கு வரேல்லை எண்டுதான் நான் எடுப்பன்."

எனக்குத் தெரிந்த டொச் இருபது சொல் இருக்கும். ஆனால் ஊரில் தண்ணீர் இறைக்கும் நிலையத்தில் பதினொரு வருடம் பம்ப் ஒப்பரேட்டராக இருந்தவன். மணிக்கு ஒருதரம் லொக் புத்தகம் எழுதாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே தமிழில் எழுதினேன். குன்ஸ் தாளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், அடியில் கையெழுத்து வைத்தார். கட்டம் நிரம்பியிருந்தது, அவருக்கு அது போதும். இப்படியே ஐந்து வருடம் ஓடியது.

2. வியாழக்கிழமைகள்

சுடுகூடத்தில் புகையையும் தூசியையும் வெளியே இழுக்கிற பெரிய விசிறி ஒன்று இருந்தது. மோட்டர்களோடு வாழ்ந்தவனுக்கு அதன் சத்தம் மாறினால் உடனே தெரியும். வியாழக்கிழமைகளில் சத்தமே இருக்காது. மேல்மாடியில் அன்று வகுப்பு நடக்கும், விசிறியின் அதிர்வு அங்கே பாடத்தைக் குழப்புகிறது என்று நிறுத்திவிடுவார்கள். கீழே சுடுவது மட்டும் நிற்காது. நான் எழுதினேன்: "வியாழன். விசிறி ஓடவில்லை. தூசி மெத்த."

அது வெறும் தூசி இல்லை, குண்டில் இருந்து வருகிற ஈயத் தூசி என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் முற்றம் கூட்ட முதல் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று தெரியும். நான் தெளித்தேன். குன்ஸ் கண்டுவிட்டார்.

"தண்ணி பட்டா குண்டு பிடிக்கிற தகடெல்லாம் கறள் பிடிக்கும். காயக் காயக் கூட்டு."

"ஓம், ஓம்" என்றேன். அவர் படியேறிப் போனதும் மறுபடி தெளித்தேன். சொன்ன பேச்சுக் கேட்பதில் நான் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் மட்டம்.

அங்கே சுடப் பழக்குகிறவர் ஹெர் பீரி. மற்றவர்கள் மாதத்துக்கு ஒருமுறை வந்து சுட்டுவிட்டுப் போவார்கள். பீரி ஒவ்வொரு நாளும் அந்த நிலவறையில் நிற்பார். அந்தக் கட்டடத்தில் எனக்கு முதலில் கை தந்தவர் அவர்தான். ஏரியில் தூண்டில் போடுகிற பைத்தியம் அவருக்கு. ஒருமுறை நான்கு மீன் கொண்டுவந்து தந்தார். என் மனைவி பரமேஸ் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டாள். மனிதர் மூக்கால் தண்ணீர் ஓட ஓடச் சட்டியை வழித்து முடித்தார்.

3. வீட்டில் உருக்கிய ஈயம்

ஐந்தாம் வருடம் பீரி மெலிந்துபோனார். வயிற்றுக் குத்து, கைகளில் பலம் இல்லை. மாணவர்களுக்கு முன்னால் பிஸ்டலை நேராகப் பிடிக்க முடியவில்லை. இரத்தத்தைச் சோதித்த டொக்டர் ஈயம் கூடிவிட்டது என்றார்.

இந்த நாட்டுச் சட்டத்தில் வேலையால் வந்த நோயும் வேலையில் பட்ட காயமும் ஒன்றுதான். வைத்தியத்தையும் சம்பளத்தையும் காப்புறுதி பார்க்கும். ஆனால் நோய் வேலையால் வந்தது என்று காட்ட வேண்டும். பீரி தூண்டிலுக்கு ஈயக் குண்டுகளைத் தானே வீட்டில் உருக்கி வார்ப்பவர். காப்புறுதிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். விசிறி ஒழுங்காக வேலை செய்கிறது என்று அதைப் பார்க்கும் கொம்பனியின் கடிதமும் இருந்தது. உத்தியோகம் போகப்போகிறது என்பதைவிட, தன் பொழுதுபோக்கால் தானே நஞ்சு தின்றவர் என்று கன்ரீனில் கதைத்ததுதான் மனிதரை முறித்தது.

அலுமாரியில் இருந்த சாமான்களை எடுக்க வந்த அன்று என்னிடம் சொன்னார்.

"சிவம், வீட்டில நான் வருசத்துக்கு ரெண்டுதரம் உருக்கிறன். இஞ்ச ஒவ்வொரு நாளும் நிண்டனான். ஆனா விசிறி எல்லா நாளும் ஓடினதாம்."

"எல்லா நாளும் ஓடேல்லை. நான் எழுதி வச்சிருக்கிறன்."

அவர் சட்டைகளை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

வேலை முடிந்து வந்து பரமேஸிடம் சொன்னேன். அவள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, அடுத்த மாசம் விசா புதுப்பிக்க வேணும். பொலிசுக்கு எதிரா வாய் திறக்கப் போறியளோ?"

"எதிரா இல்லை. ஒரு பொலிஸ்காரருக்காகத்தான்."

"ஆர், அந்த மீன் தந்த மனிசனோ?"

"ஓம்."

மிச்ச மரக்கறியையும் வெட்டி முடித்துக் கத்தியை வைத்தாள். "அப்ப போய்ச் சொல்லுங்கோ. கலியாணத்துக்குப் போடுற கோட்டைப் போட்டுக்கொண்டு போங்கோ."

4. கோட்டும் நீலக் கோப்பும்

இந்த நாட்டில் ஒரு தாளையும் எறிய மாட்டார்கள். என் ஐந்து வருடத் தாள்களும் குன்ஸின் அறையில் நீலக் கோப்புகளில் இருந்தன. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சிவந்தது.

"இவ்வளவு காலமும் என்னதான் எழுதினனீ?"

"எதைக் கண்டனோ அதை. நீங்கள்தானே சொன்னனீங்கள்."

விசிறியை நிறுத்தச் சொன்னது மேலிடம் என்றாலும் சுவிச்சைத் தட்டியது அவர் கை. ஒவ்வொரு தாளின் அடியிலும் அவர் கையெழுத்து. ஒரு நெருப்புக்குச்சி போதும், அவருக்குக் கரைச்சல் இல்லாமல் போயிருக்கும். ஆனால் மனிதர் காப்புறுதிக்காரரிடம் கொடுக்கக் கோப்புகளைத் தானே தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். அதன் பிறகு நான் அவரைப் பற்றி ஒரு கூடாத வார்த்தை சொன்னதில்லை.

விசாரணைக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்திருந்தார்கள், இளம் பெண். மேசையின் ஒரு பக்கம் காப்புறுதி அதிகாரி, மறுபக்கம் பீரி, குன்ஸ், கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நான். அவள் தாள் தாளாக டொச்சில் வாசித்தாள். வியாழன், விசிறி ஓடவில்லை. வியாழன், விசிறி ஓடவில்லை. திடீரென்று நிறுத்தி என் பக்கம் குனிந்தாள்.

"அண்ணை, இதில 'குன்ஸ் இன்றும் கடுவன் பூனை போல உறுமுகிறார்' எண்டு கிடக்கு. இதையும் சொல்லவோ?"

குன்ஸைத் திரும்பிப் பார்த்தேன். ஆனாலும் சொன்னேன். "சொல்லுங்கோ தங்கச்சி. ஒண்டை ஒளிச்சா மற்றதையும் நம்பமாட்டினம்."

சொன்னாள். குன்ஸ் திகதியைக் கேட்டார். யோசித்துவிட்டு, "அண்டைக்கு எனக்குப் பல்லுக் குத்து" என்றார். அதிகாரிகூடச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு என் தாள்களை அவர் நம்பத் தொடங்கினார் என்பது என் எண்ணம்.

பிறகு அவள் இன்னொன்றை வாசித்தாள். "பீரி ஐயா கோப்பியைத் தட்டிவிட்டார். கை நடுங்குகிறது. ஒருவரும் காணவில்லை. நான் துடைத்துவிட்டேன்." பீரி டொக்டரிடம் போவதற்கு இரண்டு வருடம் முந்திய தாள் அது.

அதிகாரி என்னிடம் கேட்டார். "ஏன் டொச்சில எழுதேல்லை?"

"எழுதியிருந்தா பிழையா எழுதியிருப்பன்."

அதற்குப் பிறகு பீரி வாய் திறந்தார். "இவரின்ர இரத்தத்தையும் பாருங்கோ. இவரும் அதே நிலவறையிலதான் நிண்டவர்."

"எனக்கு என்னத்துக்கு? நான் கூட்டுற ஆள்" என்றேன்.

"சட்டத்தில ஆர் என்ன உடுப்பு எண்டு ஒண்டும் எழுதேல்லை" என்றார் அதிகாரி. எனக்கும் அதே காப்புறுதி உண்டென்று ஐந்து வருடம் கழித்து அன்றுதான் தெரிந்தது.

என் இரத்தத்திலும் ஈயம் இருந்தது, அளவுக்கு உள்ளே. எப்படிக் கூட்டுவீர்கள் என்று டொக்டர் கேட்டார். தண்ணீர் தெளித்து என்றேன். அதுதான் காப்பாற்றியிருக்கிறது என்றார். விஷயம் குன்ஸின் காதுக்கு எட்டியது. அடுத்த திங்கள் சுடுகூட வாசலில் புது வாளி ஒன்று இருந்தது.

5. கடைசிக் கட்டம்

பீரியின் நோய் வேலையால் வந்ததுதான் என்று ஏற்றுக்கொண்டு கடிதம் வந்தது. வைத்தியத்தில் கை நடுக்கம் மெல்ல அடங்கியது. பிறகு பிஸ்டல் பழக்க அவர் வரவில்லை. மேல்மாடியில் வேறு வேலை கொடுத்தார்கள், அதே சீருடையோடு. கன்ரீனில் கதைத்தவர்கள் வாயை மூடினார்கள். என் விசாவும் பிரச்சினை இல்லாமல் புதுப்பித்து வந்தது.

இப்போது வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். மொழி தெரியாது என்று கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். கண்டதைக் கண்ட அன்றே, தெரிந்த மொழியில் எழுதுங்கள். நஞ்சுள்ள இடத்தில் நின்றால், பொலிஸ்காரர் என்றாலும் துப்புரவாளர் என்றாலும் உங்கள் காப்புறுதி என்ன என்று முதல் நாளே கேளுங்கள். நான் கேட்கவில்லை; அது என் மடைத்தனம். எழுதியது என் பெருமை, அதை ஒளிக்க மாட்டேன்.

பீரியின் கடிதம் வந்த அடுத்த மாதம் குன்ஸ் புது றப்போர்ட் தாள்கள் அச்சடித்துக் கொண்டுவந்தார். கடைசிக் கட்டத்தின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது: எந்த மொழியிலும் எழுதலாம். அன்று வியாழக்கிழமை. மேலே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் பேனையை எடுத்து எழுதினேன்: "விசிறி ஓடுகிறது."