“கொஞ்சம் நெய்தாம்மா விட்டேன்”

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆம்பூரில் எங்கள் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது இது. எழுத உட்கார்ந்தாலே இப்போதும் கோபம் வருகிறது.

நான் ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். எனக்கு வாய் ஜாஸ்தி என்று லைனில் இருக்கும் பெண்கள் பேசிக்கொள்வார்கள். உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. தைக்கும்போது மெஷின் ஊசி உடைந்தால், உடனே மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடிப் பொறுக்கி, அட்டையில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு தோலுக்குள்ளேயே தங்கிவிட்டால், ஏதோ ஒரு தேசத்தில் யாரோ ஒரு குழந்தையின் காலில் அது ஏறிவிடும். ஊசி உடைந்ததற்காக நான் யாரையும் திட்டியது கிடையாது. உடைந்ததை மறைத்தவளை மட்டும் சும்மா விட்டதே கிடையாது.

அந்த வருடம்தான் என் மகனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மருமகள் வேலூர் பக்கம் பாகாயத்துப் பெண். பூ வைக்கப் போன அன்று, அவளுடைய அம்மா என்னைத் தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டு, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: “பாப்பாவுக்கு எறா மட்டும் ஆவாதுங்க. சின்னதா இருக்கும்போது ஒருதரம் தின்னுட்டு மூச்சே நின்னுபோய்ப் பொழச்சிது. மத்ததெல்லாம் சாப்புடுவா.” இறால் விஷயம் இனிமேல் என் பொறுப்பு என்று நான் வாக்குக் கொடுத்தேன். வாய்வார்த்தைக்காகச் சொல்லவில்லை.

எங்கள் சொந்தக்காரர்களுக்கு இது பெரிய தமாஷாகப் போய்விட்டது. கல்யாணத்துக்கு வந்திருந்த என் அண்ணன், அதாவது பையனுக்குத் தாய்மாமன், பந்தியிலேயே சொன்னார்: “மீன் ஆவுமாம், எறா ஆவாதாம். இன்னா பந்தா பாரு!” எல்லாரும் சிரித்தார்கள். நானும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. தாய்மாமன் என்றால் எங்கள் பக்கம் தலைக்கு மேலே வைத்துக் கொண்டாடுவார்கள். எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாது.

என் மகன் தோல் கம்பெனியில் வேலை செய்கிறான். கம்பெனி விஷயமாகத் தாய்லாந்து போய்விட்டு வந்தவன், அங்கே ரோட்டோரத்தில் சாப்பிட்ட எறாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு பச்சிலையைக் கை நிறையப் போட்டு வதக்குவார்களாம், கூடத் தேங்காய்ப்பால் சோறாம். “நம்ம ஊர் பிரியாணியே தோத்துச்சிம்மா” என்றான். ஆம்பூரில் பிறந்தவன் வாயில் வரக்கூடிய பேச்சா இது! எங்கள் அண்ணன் குடியாத்தத்தில் இருந்தாலும், கல்யாணங்களுக்கு பெரிய பெரிய டேக்சாவில் பிரியாணி போடுகிறவர். அவர் காதுக்கு இது போய், “அப்டி இன்னா சாப்பாடு அது, நானும் வந்து பாக்கறேன்” என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் எறா சமைக்கலாமா என்று மருமகளிடம் கேட்டேன். “நீங்கல்லாம் சாப்புடுங்க அத்தே, நான் தொடாம இருந்தா போதும்” என்றாள்.

போனில் வீடியோ பார்த்துத்தான் செய்தேன். அந்தப் பச்சிலைக்குக் கடை கடையாக அலைந்தேன். எல்லாரும் துளசியைத்தான் நீட்டினார்கள். கடைசியில் பார்த்தால், பக்கத்து வீட்டு பாய் சம்சாரம் சர்பத்தில் போடும் சப்ஜா விதையைத் தொட்டியில் தூவி வளர்த்துவந்த செடிதான் அது. நாம் திருநீற்றுப் பச்சிலை என்போமே, அதேதான். கிள்ளினால் சோம்பு மாதிரி ஒரு வாசனை. அவரிடம் நாற்று வாங்கி எங்கள் மாடியில் வைத்து, அது நன்றாகத் தழைத்திருந்தது.

எறா வேலூர் மார்க்கெட்டிலிருந்து தலையோடு வந்தது. தலையையும் ஓட்டையும் பூண்டோடு வதக்கி, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டிக்கொள்ளச் சொன்னார்கள் வீடியோவில். எறா வதக்கும்போது அதில் ஒரு கரண்டி விட்டால் ருசியாம். அப்படியே செய்து, அந்தத் தண்ணீரை ஒரு சொம்பில் மூடி ஓரமாக வைத்தேன். மருமகளுக்குக் காளானும் முட்டையும், தனிச் சட்டியில், தனிக் கரண்டியில். கறுப்புத் தோலும் பழுப்புத் தோலும் கலந்துவிடாமல் நாள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறவளுக்கு இது ஒரு வேலையா? தேங்காய்ப்பால் சோறு மட்டும் எல்லாருக்கும் பொது. பாலும் தண்ணீரும் அளந்து விட்டு, இஞ்சி தட்டிப் போட்டு அடுப்பில் ஏற்றியிருந்தேன்.

அந்த நேரத்துக்குத்தான் அண்ணன் வந்தார். வந்தவர் கூடத்தில் உட்காருவாரா? நேராகச் சமையலறைக்கே வந்து, சோற்று மூடியைத் திறந்து பார்த்து, “இன்னாம்மா இது, பத்தியச் சாப்பாடா? கறித் தண்ணி ஏறாத அரிசி ஒரு அரிசியா?” என்றார். “இது அப்டித்தாண்ணா, நீ தொடாத” என்று சொல்லிவிட்டுப் பச்சிலை பறிக்க மாடிக்குப் போனேன். தூறல் வேறு ஆரம்பித்திருந்தது, காய்ந்த துணியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். வந்து பார்த்தால் சோற்றின் மேலே தட்டு மூடி, அதன் மேலே கனமாகத் தண்ணீர்ச் சட்டியை வைத்து, பிரியாணிக்குப் போடுவது மாதிரி தம் போட்டு வைத்திருந்தார்.

“இன்னா பண்ண?” என்றேன்.

“கொஞ்சம் நெய்தாம்மா விட்டேன். வறட்டுனு இருந்துச்சி.”

வீடு முழுக்க எறா வாசனை அடித்துக்கொண்டிருந்தது. அதில் சோற்றின் வாசனையைத் தனியாக யார் கண்டார்கள்? சொம்பைத் திறந்தபோது எவ்வளவு மிச்சம் என்று பார்க்கவில்லை, எனக்கு வேண்டிய ஒரு கரண்டி அடியில் இருந்தது. எடுத்து எறாவில் விட்டு வேலையைப் பார்த்தேன்.

எல்லாரும் உட்கார்ந்தோம். மகன் ஒரு வாய் வைத்துவிட்டு, “இதேதாம்மா!” என்று குதித்தான். மருமகள் காளானைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி சாப்பிட்டாள். சில வாய்தான் இருக்கும். உதட்டைத் தேய்த்தாள். தொண்டையைச் செருமினாள். “அத்தே, நாக்கு ஒரு மாதிரி இருக்குது” என்றாள். நான் நிமிர்ந்து பார்க்கும்போதே கழுத்தெல்லாம் தடிப்பு தடிப்பாக எழும்பிவிட்டது. இருமல் வந்தது, அப்புறம் இருமக்கூட முடியவில்லை. விசில் ஊதுவது மாதிரி மூச்சு இழுத்தது.

அண்ணன் சொல்கிறார்: “காரம் ஏறியிருக்கும். சக்கரை குடு.”

காரமா! அவள் தட்டில் ஒரு மிளகாய் கிடையாது. மகன் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். பக்கத்து வீட்டு பாய் காரை எடுத்தார். அண்ணனும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னால் என் மடியில் அவள் தலை. முகம் வீங்கிக் கண் மூடிப்போய், என் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன்: “ண்ணா, சோத்துல வேற எதுனா போட்டியா? சொல்லு!”

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “நெய்தாம்மா.”

நல்லவேளை, ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா பார்த்த உடனேயே தொடையில் ஊசி போட்டார். முகத்தில் மாஸ்க் வைத்தார்கள். “எறா சாப்பிட்டாங்களா?” என்று கேட்டார். இல்லவே இல்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தேன். தனிச் சட்டி, தனிக் கரண்டி, எல்லாம் சொன்னேன். அவர் யோசனையோடு, அப்படியென்றால் வேறு எதுவோ புதிதாகச் சேரவில்லை போல, அது தேங்காயா, காளானா, அந்தப் பச்சிலையா, எதுவென்று தெரிகிறவரை எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்றார். நான் ஒவ்வொன்றாக யோசித்து யோசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அண்ணன் எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீரானது. என்னைப் பார்த்து “அத்தே” என்றாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ராத்திரி அங்கேயே இருக்கட்டும், மறுபடி வந்தாலும் வரலாம் என்றார்கள். வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தார். ஆமாம், சிரித்தார்.

“அப்பாடா, ஒண்ணுமில்ல. நான்கூட அந்த எறாத் தண்ணியாலதானோன்னு பயந்துட்டேன்.”

“எந்த எறாத் தண்ணி?”

“சொம்புல வெச்சிருந்தியே. அரிசிக்குத் தண்ணி பத்தலன்னு கொஞ்சம் ஊத்தினேன். அவ எறாவயா தின்னா? தண்ணிதானே.”

எனக்கு உச்சந்தலையில் நெருப்பைக் கொட்டியது மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தா என்று பார்க்கவில்லை, அண்ணன் என்று பார்க்கவில்லை, தாய்மாமன் என்று பார்க்கவில்லை. “மனுசனா நீ? வீட்ல கேட்டேன், நெய்யின்ன. கார்ல கேட்டேன், அவ உசுரு இழுத்துக்கினு இருக்கும்போது, அப்பவும் நெய்யின்ன. நான் டாக்டர்கிட்ட சத்தியம் பண்ணிக்கினு நிக்கறேன், செவுத்துல சாஞ்சிக்கினு கேட்டுக்கினு இருந்தியே!” என்று கத்தினேன். நர்ஸ் ஓடி வந்தார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் டாக்டரம்மாவிடம் முதலில் விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் வந்து மிச்சத்தையும் திட்டித் தீர்த்தேன்.

ஊற்றியதற்காக இல்லை. அதைத் தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். காலமெல்லாம் கறித் தண்ணீரில் அரிசி வேகவைத்த கை, சொம்பைப் பார்த்ததும் தன்னால் ஊற்றியிருக்கும். ஊசி உடைகிறது, அவ்வளவுதான். ஆனால் கேட்டபோது கையைத் தூக்க வேண்டாமா? தன் கைப்பக்குவத்தை ஒரு பொம்பளை குறை சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, ஒரு பெண்ணின் மூச்சு நிற்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வருவாரா ஒருவர்?

சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்களின் போன் வர ஆரம்பித்தது. மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர்கள் கம்மி. “தாய்மாமனை நாலு பேர் முன்னாடி அப்டிப் பேசலாமா?” என்று கேட்டவர்கள்தான் ஜாஸ்தி. போனை அணைத்துப் பையில் போட்டேன்.

அவளுடைய அம்மா பாகாயத்திலிருந்து ஓடி வந்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் சொன்னேன். யார் ஊற்றியது, யார் மறைத்தது, நான் என்ன சத்தியம் செய்தேன், ஒன்று விடாமல். அவர் மகளின் வீங்கிய கையைத் தடவிக்கொண்டே, “கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டுங்க” என்றார். தடுக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது? அனுப்பிவைத்தேன். அவள் திரும்பி வருவாளா என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறே இறங்கவில்லை. அந்தத் தொட்டிச் செடியைப் பிடுங்கி எறியப் போனேன். செடி என்ன பாவம் செய்தது என்று விட்டுவிட்டேன்.

அவள் வந்தாள். பையை வைத்ததும் நேராகச் சமையலறைக்கு வந்து, “இன்னா அத்தே சமைக்கறீங்க?” என்றாள். ஒவ்வொன்றையும் மூடி திறந்து காட்டிச் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். யார் எதைச் சட்டியில் போட்டாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எறா வாசல்படி ஏறுவதே இல்லை.

அண்ணனோடு நான் பேசவில்லை. சில மாதம் கழித்து அவர் பேத்திக்குக் காது குத்து. நான் போவதாகவே இல்லை. மருமகள்தான், “போலாம் அத்தே” என்றாள். குடியாத்தத்தில் பந்தி. அண்ணனே போட்ட பிரியாணி, அண்ணனே பரிமாறிக்கொண்டு வந்தார். எங்கள் இலைக்கு வந்து கரண்டியைச் சாய்க்கப் போனபோது, இவள் இலைக்கு மேலே கையை நீட்டி மறித்தாள்.

“பெரியப்பா, இதுல இன்னா இன்னா போட்டீங்க?”

பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆம்பூர்ப் பக்கம் பிரியாணி மாஸ்டரிடம் இப்படி யாரும் கேட்க மாட்டார்கள். அது அவர் மானப் பிரச்சினை. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. அவர் கரண்டியைத் திரும்ப டேக்சாவில் வைத்துவிட்டு, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தார். சீரக சம்பா, ஆட்டுக்கறி, இஞ்சி, பூண்டு, வரமிளகாய் அரைத்தது, தயிர், புதினா, தக்காளி. “அப்புறம் நெய்யி” என்று வந்ததும் குரல் நின்றுவிட்டது.

“வேற எதுவும் ஊத்தலம்மா” என்றார், தலையைக் குனிந்துகொண்டு. “அன்னிக்கி ஊத்தினேன். கேட்டதுக்கும் சொல்லல.”

இவள் கையை எடுத்தாள். அவர் பரிமாறினார். அவள் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு முடிக்கும்வரை நான் என் இலையைத் தொடவில்லை.

அண்ணன் கையைத் தூக்கிவிட்டார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காரில் தூக்கியிருக்க வேண்டிய கை அது. அதனால் என் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை. இன்றைக்கும் யார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும், என் மருமகளின் தட்டில் என்ன விழுகிறது என்று நான் கூச்சப்படாமல் கேட்கிறேன். கேட்டதற்கு முகம் சுளிக்கிறவர் கையால், அவர் யாராக இருந்தாலும் சரி, அவளுக்கு ஒரு வாய்ச் சோறு விழ நான் விடுவதில்லை.