மதிலில் எழும் மலை

அடி அண்ணாமலையில் ஒரு தங்கும் விடுதியின் உயரமான புது மதில். இயற்கையோடும் மரபோடும் இணைக்கும் ஓவியப் பயிலரங்காம். வந்தவர்கள் எல்லாரும் மதிலில் மலையை வரைகிறோம். நிஜ மலை மதிலுக்குப் பின்னாலேயே இருக்கிறது. நாங்களோ செல்போன் படத்தைப் பார்த்து வரைகிறோம். உச்சியில் தீபம் வரைவது என் வேலை.

எதிர்வீட்டு அம்மா வந்து நிற்கிறார்.

"எப்படிம்மா இருக்கு?" என்கிறேன்.

"நல்லாருக்குதுங்க. கார்த்திகைக்கு எங்க வாசல்லேர்ந்தே மலை தீபத்த பாத்துட்டு வீட்ல வெளக்கு ஏத்துவோம். இப்ப மதிலு மறைக்குது."

"அதான் தீபமும் வரையறோமே!" என்று சிரிக்கிறார் பயிற்சியாளர்.

அந்த அம்மா என் தூரிகையைப் பார்க்கிறார்.

"இது எத்தன மணிக்குங்க எரியும்? சொன்னீங்கன்னா, வெளக்குல எண்ண ஊத்தி வச்சிடுவேன்."