கார் பந்தயமும் என் இடது கண்ணும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ரெண்டு தடவை நோட்டில் ஆரம்பித்துக் கிழித்தும் போட்டேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவன், விபூதி வைக்காமல் வாசல் தாண்டாதவன், அமெரிக்காக்காரன் கார் பந்தயத்தைப் பற்றி எழுதினால் ஊர் சிரிக்குமே என்பது ஒரு தயக்கம். அதைவிடப் பெரிய தயக்கம், நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்து எழுத வேண்டியிருப்பது. தப்பை விட்டுவிட்டுப் பந்தயத்தை மட்டும் எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை. ரெண்டையும் எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது பத்தாவது வரை. இங்கே கர்நாடகத்தில், கோலார் தங்கவயலில், கனரக வண்டிகள் செய்கிற தொழிற்சாலையில், சுரங்கத்தில் மண் ஏற்றிக் கொட்டுகிற டம்பர் லாரிகளைப் பாகம் பாகமாகப் பூட்டுகிற பிரிவில் வேலை பார்த்து ரிடையர் ஆனேன். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. ஒரு பழைய வேன் வாங்கி, ஊரிகம் லைன் வீடுகளிலிருந்து மைசூர் மைன்ஸ் என்கிற பழைய சுரங்கத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். எட்டு வீட்டுப் பிள்ளைகள்.

பந்தயம் என் வீட்டுக்குள் வந்ததே ஒரு பிசகால்தான். அந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. வேலூர்ப் பக்கம் எங்கள் சொந்த ஊரில் தேர் இழுப்பார்கள், போக முடியவில்லை. செல்போனில் நேரலையாவது பார்ப்போம் என்று, கோயில் நோட்டீசில் தேர்த் திருவிழாவுக்கு இங்கிலீஷில் போட்டிருந்ததைப் பார்த்து, “கார் ஃபெஸ்டிவல் லைவ்” என்று போனிடம் சொன்னேன். போனைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, கற்பூரமும் ஏற்றியாயிற்று. திரையில் பெருங்கூட்டம், கொடிகள், புகை. கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்க, நாற்பது கார் வரிசையாகப் பாய்ந்து போயிற்று.

என் சம்சாரம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாங்க இது? சாமி எங்க?”

“இரும்மே, வந்துகினு இருக்கும்.”

“இவ்ளோ வேகமா வந்தா எப்டிங்க கும்புட்றது?”

சாமி வரவில்லை. ஆனால் நான் போனை அணைக்கவும் இல்லை. கற்பூரம் அணைந்து வெகுநேரம் கழித்தும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு ஸ்டாக் கார் பந்தயம் என்று பெயர். எங்கள் தொழிற்சாலையில் ஸ்டாக் என்றால் ஸ்டோரில் கிடக்கிற சாமான். விற்காமல் தேங்கின கார்களை இப்படி ஓட்டித் தீர்க்கிறார்கள் போல என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, ஆரம்ப காலத்தில் கடையில் விற்கிற அதே காரைக் கொண்டுவந்து ஓட்டினார்களாம், அதனால் வந்த பெயர். இப்போது பார்வைக்குத்தான் அது கடைக் கார். கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் உள்ளே இறங்க வேண்டும். முன்விளக்கு கூட நிஜமில்லை, ஸ்டிக்கர்.

அவர்களுக்கு ஞாயிறு மதியம் என்றால் நமக்கு அகாலம். அதனால் திங்கட்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, குளித்து, விளக்கேற்றி, அப்புறம்தான் உட்காருவேன். யார் ஜெயித்தார்கள் என்று முன்னாடியே பார்க்க மாட்டேன்.

என் அபிப்பிராயங்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, அவர்கள் சுற்றுவது தப்பான பக்கம். முழுக்க முழுக்க இடது பக்கமே திரும்புகிறார்கள். கோயிலில் அப்படிச் சுற்றினால் அப்பிரதட்சணம். முதல் நாலு வாரம் எனக்கு மனசே ஒப்பவில்லை. ஆனால் பந்தயத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் வந்து ஜெபம் சொல்கிறார். ஓட்டுகிறவன், டயர் மாற்றுகிறவன், கூட்டம் எல்லாரும் தொப்பியைக் கழற்றித் தலை குனிகிறார்கள். அவர்கள் சாமி வேறுதான். எனக்கு உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருக்கும், நானும் எழுந்து நிற்பேன்.

அடுத்த வீட்டுக்காரர் என்னோடு அதே பிரிவில் வேலை பார்த்தவர். என்னைவிட ரெண்டு வயசு சின்னவர், வாய் மட்டும் பெரிசு.

“இன்னாண்ணே இது, சுத்துனதையே சுத்தறான். நம்ம கோலார் பஸ்ஸாச்சும் ரெண்டு பக்கமும் திரும்புது.”

“திருவண்ணாமலைக்கு மாசாமாசம் போறியே. அங்க மட்டும் புதுசா ஒரு மலய காட்றாங்களா?”

“அது புண்ணியம்ணே.”

“இது சாமர்த்தியம். ஒக்காந்து பாரு.”

அவர் உட்காரவில்லை. டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

டயர் மாற்றுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் டம்பருக்கு ஒரு டயர் மாற்ற எங்களுக்கு அரை ஷிப்ட் ஆகும். இவர்கள் கார் வந்து நின்றதும் சுவர் தாண்டிக் குதிக்கிறார்கள். நான் ‘சரவணபவ’ பத்துத் தடவை சொல்லி முடிப்பதற்குள் நாலு டயரும் மாற்றி, பெட்ரோலும் ஊற்றி அனுப்பிவிடுகிறார்கள். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

இடிப்பதைப் பற்றி என்னவென்றால், முன்னால் போகிறவனை லேசாகத் தட்டி வழி கேட்பது ஆட்டத்தில் சேர்த்தி. போன வாரக் கோபத்தை மனசில் வைத்துக்கொண்டு சுவரில் தள்ளுவது பாவம். அப்படிச் செய்தவன் ஜெயித்த அன்றைக்கு நான் கை தட்டியதில்லை. வருஷக் கடைசியில் புள்ளியை எல்லாம் அழித்துவிட்டு நாலு பேரை மட்டும் ஒரே பந்தயத்தில் மோதவிடுவார்களே, நான் பார்க்க ஆரம்பித்த காலத்தில், அதுவும் எனக்குப் பிடிக்காது. வருஷம் பூராவும் விரதம் இருந்தவனும் கடைசி வாரம் மாலை போட்டவனும் ஒன்று என்று சாமி சொல்லலாம். பந்தயம் நடத்துகிறவர் சொல்லக் கூடாது.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

தீபாவளி கழிந்த சமயம், பூஜையில் தீபச்சுடர் பஞ்சு பிரித்ததுபோல விரிந்து தெரிந்தது. புகை என்று நினைத்தேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும் பார்த்தபோது முருகன் முகமே தெரியவில்லை, மஞ்சளாக ஒரு மூட்டம்தான் தெரிந்தது. பயந்துபோனேன். சாமியிடம் சொன்னேன். தினமும் சொன்னேன். சம்சாரத்திடம் சொல்லவில்லை. சொன்னால் வேனை நிறுத்து என்பாள். வேன் நின்றால் நான் ரிடையர் ஆன கிழவன். வேன் ஓடுகிற வரைக்கும் எட்டு வீட்டுக்கும் நான் ‘வேன் மாமா’. அந்தப் பேரை விட மனசில்லை. வலது கண் நன்றாகத்தானே இருக்கிறது, ஓட்டுவோம் என்று ஓட்டினேன்.

மார்கழியில் ஒரு நாள் காலை, ஊரிகம் ஸ்டேஷன் ரோட்டிலிருந்து லைன் சந்துக்குள் இடது பக்கம் திருப்பினேன். உள்ளே ஆறு பிள்ளைகள். ‘கிரீச்’ என்று ஒரு உரசல். பால் கேனோடு ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் எனக்குத் தெரியவே இல்லை. வேன் பக்கவாட்டில் ஹேண்டில்பார் தேய்த்துவிட்டது. அவர் தடுமாறினார், விழவில்லை. வேனைக் கையால் அறைந்து, கன்னடத்தில், “கண்ணு காணல்வேனப்பா?” என்றார். கண்ணு தெரியலையாப்பா என்று எல்லாரும் எல்லாரையும் ரோட்டில் திட்டுவதுதான். எனக்கு மட்டும் அது நிஜக் கேள்வி. பிள்ளைகள் இறங்குவதும் அந்த இடது பக்கம்தான்.

அதற்கப்புறமும் ஒன்பது நாள் ஓட்டினேன். இதைத்தான் எழுத முடியாமல் நாலு வருஷம் கிழித்துக் கிழித்துப் போட்டது.

அந்த ஒன்பதாவது நாள் திங்கட்கிழமை. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்திருந்தேன். புதுப் பந்தயம் எதுவும் இல்லாத மாசம் அது, பழைய பந்தயம் ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். சம்சாரம் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஓட்டுகிறவர்கள் தங்கள் ஆட்களோடு ரேடியோவில் பேசுவதை நமக்கும் கேட்கவிடுவார்கள். அந்த இங்கிலீஷ் எனக்குப் பாதிக்கு மேல் புரியாது. ஆனால் டைட், லூஸ், பிரஷர் என்பதெல்லாம் எங்கள் ஷாப்பில் பேசின இங்கிலீஷ்தான். மூணாவதாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வயசான ஆள், “ஐயாம் லூஸ், ஐயாம் லூஸ்” என்று கத்தினார்.

கீரை ஆய்ந்த கை நின்றது.

“இன்னாங்க, அந்தாளு தன்னயே லூசுன்றாரு?”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அந்த லூசு இல்லம்மே. வளைவுல வண்டி பின்னாடி சறுக்குது, புடி இல்ல, அதச் சொல்றாரு.”

“பாக்க நல்லாத்தான ஓட்றாரு?”

“வெளியே பாக்கறவங்களுக்குத் தெரியாது. ஒக்காந்துனு ஓட்றவனுக்குத்தான் தெரியும்.”

“அத இப்டி ஊருக்கே கேக்கறாப்ல சொல்றாரே, வெக்கமா இல்ல?”

“சொன்னாதானே சரி பண்ணுவாங்க. சொல்லாம ஓட்னா சுவத்துல போய் அடிப்பான். கூட ஓட்றவனயும் சேத்து அடிப்பான்.”

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. திரையில் அந்த ஆள் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார். ஒருத்தன் நீளமான ஸ்பேனரைப் பின்பக்க ஓட்டை வழியாக விட்டு ரெண்டு சுற்றுச் சுற்றினான். மூணாவதாக இருந்தவர் பத்தாவது இடத்துக்கும் பின்னால் போய்விட்டார். ஆனால் கார் எதிலும் அடிக்காமல் கடைசி வரை முழுசாக ஓடியது. நான் போனைப் பார்க்கவில்லை, கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏம்மே, நானும் லூசுதான்.”

“அது தெரிஞ்சுதான கட்டிக்கினேன்,” என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “இன்னா ஆச்சு?”

கண்ணைச் சொன்னேன். தீபத்தைச் சொன்னேன். பால்காரரைச் சொன்னேன். ஒன்பது நாளையும் சொன்னேன். அவள் எழுந்தாள். வேன் சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“சாய்ங்காலம் பசங்கள யார் கூட்டியாறது?” என்றேன்.

“பக்கத்து வீட்டு அண்ணன கேக்கறேன். எட்டு வீட்லயும் நான் போய்ச் சொல்ட்றேன். நீங்க ஒக்காருங்க.”

“வேணாம். நானே போறேன்.”

அடுத்த வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். கேலி பண்ண அவருக்கு அன்றைக்கு எவ்வளவோ இருந்தது, பண்ணவில்லை. நான் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வீடாக நடந்தேன். முதல் வீட்டில் வாசலிலேயே நின்று சொன்னேன். “இடது கண்ணு தெரியலம்மா. பார்வ இல்லாமலேதான் ஓட்டிக்கினு இருந்தேன். உங்க புள்ளய வச்சிக்கினு ஒருத்தர உரசிட்டேன். அதுக்கப்புறமும் ஒம்பது நாளு ஓட்டிட்டேன். மன்னிச்சிடுங்க.” அந்த அம்மா பிள்ளையை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு, “இப்பவாச்சும் சொன்னீங்களே மாமா” என்றாள். நாலாவது வீட்டில் காபி கொடுத்தார்கள். குடிக்க முடியவில்லை. ஆறாவது வீட்டு அப்பா பெங்களூர் ரயிலில் தினம் வேலைக்குப் போய் வருகிறவர், அப்போதுதான் வந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்தார்.

“ஒம்பது நாளு. ஒம்பது நாளு என் பொண்ண ஏத்திக்கினு போயிருக்கீங்க.”

“ஆமாங்க.”

“கோயில் கோயிலா போறீங்களே, போங்க.”

கதவைச் சாத்திவிட்டார். அந்தப் பெண் குழந்தை அதற்கப்புறம் எங்கள் வேனில் ஏறவில்லை. அவர் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கோலாரில் கண் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்து, “புரை நல்லா முத்திடுச்சு. இத்தோடயா வண்டி ஓட்னீங்க?” என்றார். தலையை ஆட்டினேன். ஆபரேஷன் அரைமணி நேரத்தில் முடிந்தது. கட்டுப் பிரித்த பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பூஜை அறையில் நின்றேன். வேலின் நுனி ஊசிபோலத் தெரிந்தது. சம்சாரத்தின் புடவை ஊதா என்று நினைத்திருந்தேன், நீலமாம். அவளே சொல்லிச் சிரித்தாள்.

திரும்ப ஓட்டலாம் என்று டாக்டரம்மா சொன்னார். நான் ஓட்டவில்லை. அடுத்த வீட்டுக்காரரே ஓட்டுகிறார். நான் இடது பக்க சீட்டில். ஸ்டாக் கார் பந்தயத்தில் ஒரு வேலை உண்டு. பந்தய மைதானத்துக் கட்டடத்தின் உச்சியில் ஒருத்தன் நின்றுகொண்டு, ஓட்டுகிறவனுக்குத் தெரியாத பக்கத்தை எல்லாம் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பான். எனக்கு ஓட்டுகிறவனைவிட அவனைத்தான் பிடிக்கும். இப்போது என் வேலையும் அதுதான். “சைக்கிள் வருது... இரு... ஆயா ஒண்ணு... போயிடுச்சு. கிளியர்.”

“அண்ணே, ரோட்டுல ஒரு நாயும் இல்ல. எதுக்கு கிளியர் கிளியர்னு கத்தறீங்க?”

“நாயில்லன்றதையும் நான்தான் சொல்லணும்.”

பின்னால் பிள்ளைகளும் சேர்ந்து “கிளியர்” என்று கத்தும். சைவமான சந்தோஷம். எனக்குப் போதும்.

இப்போது ஏன் எழுதினேன் என்றால், போன ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் பஜனைக் குழுவின் போன் குரூப்பில் ஒரு செய்தி சுற்றியது. தங்கவயலில் ஒரு பக்தருக்கு ரெண்டு கண்ணும் போய்விட்டதாம். முருகன் கனவில் வந்து வேலால் தொட்டாராம். காலையில் பார்வை வந்துவிட்டதாம். பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்குமாம். படித்துவிட்டு யாரோ புண்ணியவான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கடைசி வரியில் ‘பள்ளி வேன் ஓட்டுநர்’ என்று இருந்தது. அது நான்தான்.

முருகன் என் கனவில் வரவில்லை. போனது ஒரு கண், வந்தது ஆபரேஷனால். சாமி எனக்குக் கொடுத்தது வாய் திறக்கிற தைரியம், அதுவும் தாமதமாக. இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்குத் தாராளமாக அனுப்புங்கள். ஆனால் இருக்கிறபடியே அனுப்புங்கள். கனவைச் சேர்க்க வேண்டாம். பத்துப் பேர் என்ற கணக்கும் வேண்டாம். பக்தி விஷயத்தில் கார் பந்தயம் எதற்கு என்று அதை வெட்டிவிட வேண்டாம். எனக்குக் கெட்ட பேர் வேண்டாம் என்று பிரியத்தால் அந்த ஒன்பது நாளைக் குறைத்துப் போடவும் வேண்டாம். கதவைச் சாத்தினாரே, அந்த அப்பா, அவர் கையிலும் இது போய்ச் சேரலாம். அவர் படிக்கும்போது ஒரு நாள்கூடக் குறையாமல் இருக்க வேண்டும்.