எண்டா கில்ஹூலியின் பதக்கம்

கோல்மன் டான்சி இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவனுக்குப் பதினாறு வயது முடிந்து நாலு மாதம். ஹாரோபி என்கிற ஊரின் கால்பந்து கிளப் அவனைப் பயிற்சி ஆட்டக்காரனாக எடுத்துக்கொண்டிருந்தது. அயர்லாந்தில் இருக்கும் எங்கள் கில்தவா பங்கிலிருந்து அதுவரை இங்கிலாந்து போனவர்கள் சாலை போடவும், கட்டடம் கட்டவும், ஆஸ்பத்திரியில் படுக்கை மாற்றவும் போனவர்கள். பந்து உதைக்கப் போனவன் இவன் ஒருவன்தான். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். "தலையை விடுங்க சாமி, காலை ஆசீர்வதியுங்க" என்று கோயிலின் பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். சாமியாரும் சிரித்துக்கொண்டே குனிந்து, இரண்டு முழங்கால்களிலும் சிலுவை போட்டார்.

ஹாரோபியில் முதல் இரண்டு வருஷம் அவன் பந்தைத் தொட்டதைவிடத் துடைப்பத்தைத் தொட்டதே அதிகம். பெரிய ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைப்பது, மழை ஒழுகும் பார்வையாளர் மேடையைப் பெருக்குவது, கோடையில் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிப்பது. பயிற்சி மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். மற்றப் பையன்கள் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போவார்கள். இவன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுவான். அம்மா ஊனா தபாலில் அனுப்பும் சோடா ரொட்டி வந்து சேர்வதற்குள் பூசணம் பிடித்திருக்கும். அதைச் சுரண்டிவிட்டு, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்பான். வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் மட்டும், "நன்றாக இருக்கிறேன், சாப்பாடு பிரமாதம்" என்று இருக்கும்.

பதினெட்டு வயதானதும் அவனோடு சேர்ந்த ஆறு பேரில் நாலு பேரைக் கிளப் வீட்டுக்கு அனுப்பியது. கோல்மனை வைத்துக்கொண்டு தொழில்முறை ஒப்பந்தம் கொடுத்தது. மறு பிப்ரவரியில், பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, முதல் அணியின் இடதுபக்க ஆட்டக்காரனுக்குத் தொடை பிடித்துக்கொள்ள, இவனை இறக்கினார்கள். அந்தப் பருவம் முடிவதற்குள் பதினோரு ஆட்டம், இரண்டு கோல். அண்ணன் ஃபெர்கல் பத்திரிகைத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மடிப்பில் கிழிகிற வரை எல்லாருக்கும் காட்டினான். கிளப்பில் அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஹெட்லி கிழவர் யாரையும் லேசில் புகழாதவர். அவரே, "அடுத்த வருஷம் அந்த இடம் உனக்குத்தான், காலை மட்டும் பத்திரமா பாத்துக்க" என்றார்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கிளப்பின் அனுமதி இல்லாமல் வேறு எந்த விளையாட்டும் ஆடக்கூடாது. கோல்மன் அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு ஜூன் மாதம் மூன்று வார விடுப்பில் ஊருக்கு வந்தான். வந்த நேரம் அப்படி. எங்களுக்கென்று ஒரு பந்து இருக்கிறது: கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம், கம்பத்தின் குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு புள்ளி. அதுதான் எங்களுக்கு ஆட்டம், மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. மாவட்டக் கோப்பையைக் கில்தவா நாற்பத்தெட்டு வருஷமாகத் தொட்டதில்லை. முந்தின வருஷம் இறுதிக்கு வந்தோம். ஆனால் ஒருவர்மேல் ஒருவர் ஆட்சேபணை போட்டு, அது தள்ளித் தள்ளி இந்த ஜூனுக்கு வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் ஆட்சேபணை என்பது தனி வித்தை. ஒரு தடவை, ஆட்டக்காரர் பட்டியலை எழுதிய தாள் அயர்லாந்தில் செய்த தாள் இல்லை என்று சொல்லியே ஜெயித்த அணியின் கோப்பையைப் பறித்திருக்கிறார்கள்.

எதிரணி, ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் பாலிஃபார்னா. எங்கள் அணித் தலைவன் ஃபெர்கல். பட்டியலில் இருந்த எண்டா கில்ஹூலி மார்ச் மாதமே வேலை தேடி பாஸ்டனுக்குப் போய்விட்டான். அங்கே கள்ளத்தனமாகத் தங்கியிருந்ததால், ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. அவன் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தது, ஆள் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவனை இறக்கினால் கோப்பை செல்லாது.

மாட்டுக்கொட்டகையில் பால் கறந்துகொண்டே ஃபெர்கல் பேச்செடுத்தான்.

"டேய், எண்டாவும் நீயும் ஒரே உயரம்தானே?"

"அவன் என்னைவிட அசிங்கமா இருப்பான்."

"தலையில தொப்பியை இழுத்துவிட்டா எல்லாரும் ஒரே அசிங்கம்தான்."

கோல்மன் சிரிக்கவில்லை. "அண்ணே, கிளப்புக்குத் தெரிஞ்சா என்னைத் தூக்கி வெளிய போட்டுருவாங்க."

"யாரு போய்ச் சொல்லப்போறா? நம்ம பங்குல வாயைத் திறக்கிறவன் ஒருத்தனைக் காட்டு. ஒரு மணி நேரம்டா. அப்பா மூணு இறுதி ஆடி மூணும் தோத்துப் போய்ச் செத்தாரு."

அப்பா பேச்சை எடுத்தபிறகு கோல்மனால் மறுக்க முடியவில்லை. ஃபெர்கலும் அது தெரிந்துதான் எடுத்தான். அந்தக் கோபம் எனக்கு அவன்மேல் இன்றைக்கும் உண்டு.

ஆட்டத்தன்று நடுவரிடம் கொடுத்த தாளில் பதினோராம் எண் எண்டா கில்ஹூலி. கில்தவாவில் அன்று மைதானத்துக்கு வராதவர்கள் படுக்கையில் கிடந்தவர்கள் மட்டுமே. வந்த அத்தனை பேருக்கும் பதினோராம் எண் யாரென்று தெரியும். "எண்டா! விடாதே எண்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். கோல்மனின் அம்மா ஊனாவும் அப்படித்தான் கத்தினாள்.

கடைசி நிமிஷம், இரண்டு பக்கமும் சமம். வலது ஓரத்திலிருந்து வந்த பந்தைக் கோல்மன் எகிறிப் பிடித்தான். ஒருவனை ஏமாற்றித் திரும்பினான். ஈரத்தரையில் வலதுகாலை ஊன்றி இடதுகாலால் அடித்தான். பந்து கம்பிக்கு மேலே போகிறதா இல்லையா என்று ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஓடிவந்த பாலிஃபார்னாக்காரன் நிற்க முடியாமல் ஊன்றிய கால்மேல் விழுந்தான். சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டவன் கோல்மன் ஒருவன்தான். நாங்கள் எல்லாம் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புள்ளி விழுந்தது. நடுவர் விசிலும் ஊதினார். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனோம். தோளில் இருந்ததால் அவனால் நடக்க முடியாது என்பது வெளியே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்ததைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டோம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று ஊனா துடித்தாள். அங்கே பெயர் எழுதிக்கொள்வார்கள். அதுவும் பாலிஃபார்னா கோல்கீப்பரின் தங்கை அங்கேதான் நர்ஸ். அதனால் மலைப்பக்கம் இருந்த எலும்பு கட்டுகிற கிழவனைக் கூட்டிவந்தோம். அவன் கன்றுக்குட்டிக் கால் முறிந்தால் கட்டுகிற கைகாரன். முழங்காலை இழுத்துப் பிடித்து, என்னவோ களிம்பு தடவி, இறுக்கிக் கட்டிவிட்டு, "சுளுக்குதான், பத்து நாள்ல ஓடுவான்" என்றான். பத்து நாளில் கோல்மன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

அடுத்த யோசனையும் ஃபெர்கலுடையதுதான். "முதல் நாள் பயிற்சியில போய் விழு. அங்கேயே பட்ட அடின்னு சொல்லு. அவங்களே வைத்தியம் பாப்பாங்க."

கோல்மன் அப்படியே செய்தான். ஹாரோபியில் முதல் நாள் காலை பத்தடி ஓடினான், விழுந்தான். விழுவது போல நடிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஹெட்லி அவனை மேசையில் படுக்கவைத்து, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல அசைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தம்பி, இது இன்னிக்குப் பட்ட அடி இல்ல. மூணு வாரம் ஆயிருக்கு. யாரோ கண்டபடி கட்டு வேற போட்டிருக்கான்."

கோல்மன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"எங்க பட்டதுன்னு உண்மையை எழுதிக் கொடு. மேனேஜர் கத்துவாரு, நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பாரு. நான் பேசிக்கிறேன். ஆபரேஷன் பண்ணுவாங்க, ஒரு வருஷம் தருவாங்க. பொய் சொன்னா மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசி."

எழுதிக் கொடுத்தால் கிளப் எங்கள் மாவட்ட விளையாட்டுச் சங்கத்துக்கு ஒரு கடிதம் போடும். கடிதம் வந்த அன்றைக்கே பாலிஃபார்னா ஆட்சேபணை போடும். கோப்பை ஆற்றைத் தாண்டிப் போய்விடும். ஃபெர்கலுக்கு ஆயுள் தடை. வியாழக்கிழமை சாயங்காலம் கோல்மன் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டான்.

"அண்ணே, உண்மையைச் சொன்னா வச்சுக்கிறாங்களாம். சொல்லிடவா?"

அந்தப் பக்கம் அம்மா பாத்திரம் கழுவுவது மட்டும் கேட்டது.

"உன் இஷ்டம்டா," என்றான் ஃபெர்கல். "நான் என்ன சொல்ல? நேத்துதான் கோப்பையை எடுத்துட்டுப் போய் அப்பா கல்லறை மேல வச்சு எல்லாரும் ஜெபம் பண்ணிட்டு வந்தோம். சாமியாரே அழுதுட்டாரு. ம்... உன் இஷ்டம்."

"சொல்லித் தொலைடா" என்று இரண்டு வார்த்தை. அது அவன் வாயில் வரவில்லை. அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அன்று எங்களில் யாரிடம் கேட்டிருந்தாலும் அப்படித்தான் இழுத்திருப்போம்.

வெள்ளிக்கிழமை கோல்மன், "பயிற்சியிலதான் பட்டுச்சு" என்றான். ஹெட்லி அவனுடைய பூட்ஸை எடுத்து, தானே சேறு துடைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார். ஆகஸ்டில் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். பொய் சொன்னவனுக்கு ஆபரேஷன் கிடையாது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வரிசை வருவதற்குப் பதினாலு மாதம் ஆயிற்று. அதற்குள் கால் கோணலாகவே பழகிவிட்டது. பத்தொன்பது வயதில் அவன் பால் பண்ணையில் கேன் கழுவும் வேலைக்குச் சேர்ந்தான். ஊரில் அவனுக்கு டீ இலவசம், சவாரி இலவசம். யாரும் அவன் காலைப் பார்ப்பதில்லை.

அந்த வருஷமே நவம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம், பங்கு மண்டபத்தில் பதக்கம் கொடுத்தார்கள். கொடுக்க வந்த மாவட்டத் தலைவர், எங்கள் கெட்ட நேரம், பாலிஃபார்னாக்காரர். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். "எண்டா கில்ஹூலி." கோல்மன் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எண்டாவின் அப்பா பார்ட்லி கில்ஹூலி எழுந்தார். "பையன் அமெரிக்கால இருக்கான். நான் வாங்கிக்கிறேன்" என்று மேடையேறினார். நாங்கள் கை வலிக்கத் தட்டினோம்.

வாரம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. பார்ட்லி பதக்கத்தைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

"வெட்கங்கெட்ட கிழவன்!" என்று ஃபெர்கல் குதித்தான். "போய் வாங்கிட்டு வாடா. இல்லேன்னா நான் போறேன்."

"நானே போறேன். எனக்குன்னு அது ஒண்ணுதான் இருக்கு" என்றான் கோல்மன்.

பார்ட்லி வீட்டில் அடுப்பில் சதுப்பு மண்கட்டி கனன்றுகொண்டிருந்தது. மனைவி செத்து ஆறு வருஷம். ஒரே மகன் எண்டா. அடுப்புக்கு மேலே எண்டா சின்ன வயதில் கோயிலில் புது நன்மை வாங்கிய அன்று எடுத்த படம்; படச்சட்டத்தின் மூலையில் பதக்கம் தொங்கியது. பக்கத்தில் பாஸ்டன் முத்திரை போட்ட ஒரே ஒரு கடிதம்.

கோல்மன் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பெரியவர் கேட்காமலேயே டீ ஊற்றினார்.

"எதுக்கு வந்தேன்னு தெரியும் மகனே. அது உன்னோடதுதான். எனக்கு ஒண்ணும் புத்தி கெட்டுப் போயிடல." டீயைக் கீழே வைத்தார். "தபால்காரன் வர்றான், இறைச்சிக்காரன் வர்றான். எண்டா எப்ப வருவான்னு கேக்கறவன் எவனும் இல்ல. வரமாட்டான்னு எல்லாருக்கும் தெரியும். இப்ப வர்றவனெல்லாம் இந்தப் பதக்கத்தைப் பாத்துட்டு, எண்டா எண்டான்னு நாலு வார்த்தை பேசிட்டுப் போறான். பொய்தான். ஆனா அவன் பேரு இந்த வீட்டுல சத்தமாக் கேக்குது பாரு."

எழுந்து பதக்கத்தைக் கழற்றி கோல்மனின் கையில் வைத்தார். "எடுத்துக்கோ. நான் பண்ணினது தப்பு."

கோல்மன் அதைத் திருப்பிப் பார்த்தான். ஹாரோபி, பனி கொட்டிய அந்தச் சனிக்கிழமை, ஹெட்லி துடைத்துக் கொடுத்த பூட்ஸ் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது உள்ளங்கையளவு இந்தத் தகடு; அதன் பின்பக்கம் செதுக்கியிருந்ததும் அவன் பெயர் இல்லை. பிறகு எழுந்து, நொண்டி நொண்டி நாலு எட்டு நடந்து, அதைப் படச்சட்டத்தில் இருந்த இடத்திலேயே மாட்டினான்.

பார்ட்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளை கதை கேட்பதுபோல வெட்கத்தோடு கேட்டார். "அன்னிக்கு எனக்கு முன்னாடி நின்னவன் மறைச்சுட்டான், சரியாப் பாக்கல. அந்தக் கடைசிப் பந்தை... எண்டா எப்படி அடிச்சான்?"

கோல்மன் அடுப்பைப் பார்த்தபடி சொன்னான்.

"வலது ஓரத்திலேருந்து பந்து வந்துச்சு மாமா. உசரமா. எண்டா எகிறி, ரெண்டு பேர் தலைக்கு மேல அதைப் பிடிச்சான். ஒருத்தன் குறுக்க வந்தான். இடதுபக்கம் போறமாதிரி காட்டிட்டு இப்படித் திரும்பினான். வலதுகாலை ஊன்றினான். இடதுகாலால அடிச்சான் பாருங்க... பந்து கம்பிக்கு மேல ஒரு முழம் இடம் விட்டுப் போச்சு."

"அப்புறம்?"

கோல்மனின் கை தானாக வலது முழங்காலுக்குப் போயிற்று. ஒரு காலத்தில் சாமியார் சிலுவை போட்ட முழங்கால்.

"அப்புறம் என்ன மாமா? எண்டா சட்டையில ஒட்டின சேத்தைத் தட்டிவிட்டான். எல்லாரோடயும் சேர்ந்து நடந்தே வீட்டுக்கு வந்தான்."