நன்றி, லாப்பா

ஃபெர்மின் ககீகாஸ் கால்பந்திலிருந்து ஓய்வு பெறப்போகிறான் என்ற செய்தியை அவனே என் பாரின் சுவரில்தான் படித்துத் தெரிந்துகொண்டான். மீன் ஏலக்கூடத்தில் வேலை முடித்து, நெத்தலி வாடையோடு காபிக்கு வந்திருந்தான். கிளப் ஆள் அப்போதுதான் சுவரொட்டியை ஒட்டிவிட்டுப் போயிருந்தான். 'நன்றி, லாப்பா' என்று கொட்டை எழுத்து. கீழே, ஆகஸ்ட் திருவிழா ஞாயிறு, எதிர்க்கரை வில்யானோ அணியோடு கௌரவ ஆட்டம்.

"யாரு செத்துட்டா, நீவெஸ்?" என்று என்னிடம் கேட்டான்.

"நீதான். பூ வாங்கணுமா?"

சிரிக்கவில்லை. சர்க்கரை போடாமலே காபியைக் குடித்துவிட்டுப் போனான்.

லாப்பா என்பது அவன் பட்டப்பெயர், பாறையில் ஒட்டிக் கிடக்கும் சிப்பி என்று அர்த்தம். கத்தி வைத்து நெம்பினாலும் வராது. எங்கள் ஓர்மாஸ் அணியின் நடுக்களத்துக்குப் பதினேழு வயதில் வந்தவன், எதிரணியில் எவன் நன்றாக ஆடுகிறானோ அவன்மேல் அப்படித்தான் ஒட்டிக்கொள்வான். பந்தைப் பிடுங்குவான், பக்கத்தில் நிற்பவனுக்குத் தள்ளுவான், மறுபடி ஓடுவான். கோல் போட்டது இரண்டே இரண்டு, அதிலும் ஒன்று எங்கள் வலைக்குள். ஒருமுறை தெற்கே இரண்டாம் டிவிஷன் அணி ஒன்று கூட்டிக்கொண்டு போனது. ஒரே பருவத்தில் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டான். தோற்று வந்தவன் என்று ஊர் பேசியது.

"அங்க மழையே பேயல. காஞ்ச புல்லுல எவன் சறுக்குவான்?" என்றான். வெட்கப்பட அவனுக்குத் தெரியாது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

கிளப் தலைவர் தோன் எவரிஸ்தோ கார் விற்கிறவர். பழைய மாடலைத் தள்ளிவிட்டுப் புதியதை முன்னால் நிறுத்துவது அவருக்குக் கைவந்த கலை. அக்கா மகன் போர்ஹாவை லாப்பாவின் இடத்தில் இறக்க வேண்டும். முப்பத்தொன்பது வயதுக்காரனைப் போடா வெளியே என்று சொல்ல வாய் வரவில்லை, கேடயம் கொடுத்து அனுப்பப் பார்த்தார். மரியாதை செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற இந்த வேலையைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னும் ஆட முடியும் என்று லாப்பா நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தான். "போஸ்டர் அடிச்சாச்சேப்பா," என்றாராம்.

அந்த ஞாயிறு மைதானம் நிரம்பி வழிந்தது. லாப்பா சிவப்புச் சட்டையில் வந்து கேடயம் வாங்கினான். கௌரவ உதை என்றால், நடு வட்டத்தில் பந்தை லேசாகத் தட்டிவிட்டு, கைதட்டலுக்கு நடுவே வெளியே போய்விட வேண்டும். நிஜ ஆட்டம் அதற்குப் பிறகுதான். தட்டினான். நாங்கள் கை தட்டினோம். அவன் போகவில்லை. அப்போதுதான் அவன் காலில் பூட்ஸ் இருப்பதைப் பார்த்தேன்.

"பன்னெண்டு பேர் நிக்கிறீங்க, ஒருத்தர் வெளிய போங்க," என்றார் நடுவர். தலைவர் பளபளக்கும் ஷூவோடு சேற்றில் இறங்கி வந்தார்.

"எல்லாரும் கை தட்டுறாங்க, ஃபெர்மின். அழகா போயிடு."

"நான் போறேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

"உன் வயசு சொல்லுது."

"என்கிட்ட அது ஒண்ணும் சொல்லலையே. உங்ககிட்ட மட்டும்தான் பேசுமோ?"

நெத்தலி ஆலைப் பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வெடித்தது. போர்ஹா புல்லைப் பார்த்தான். மற்ற ஆட்டக்காரர்களும் புல்லையே பார்த்தார்கள். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"சிவப்புச் சட்டையில இனிமே உனக்கு இடம் இல்ல. அவ்வளவுதான்," என்றார் தலைவர்.

லாப்பா எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தான். அது சூரை மீன் காலம், வில்யானோ ஆட்கள் பாதிப் பேர் கடலில் இருந்தார்கள். பத்துப் பேரோடுதான் வந்திருந்தார்கள். சட்டையைக் கழற்றி மடித்து, கேடயத்தோடு தலைவர் கையில் வைத்தான். நடுக்கோட்டைத் தாண்டி வில்யானோ கேப்டனிடம் போனான்.

"ஒரு ஆள் குறையுதே. பச்சைச் சட்டை இருக்கா?"

"உனக்கா? எத்தனை வருஷமா என் கணுக்காலை உதைச்சிருக்க."

"அப்ப நான் எப்படி ஆடுவேன்னு உனக்குத் தெரியும்ல. குடு."

பச்சைச் சட்டைக்காரனுக்கு என் பாரில் நான் சிரித்த முகத்தோடு தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. அன்று எழுந்து நின்று கை தட்டினேன். என் புருஷன் பாவாடையைப் பிடித்து இழுத்தார், உட்காரவில்லை. ஆட்டம் முடியும்வரை லாப்பா போர்ஹாவின் மேல் ஒட்டிக்கொண்டு கிடந்தான். பாவம், அந்தப் பையனுக்குப் பந்து கண்ணிலேயே படவில்லை.

மறுநாள் என் சுவரில் போஸ்டர் இல்லை. லாப்பா வில்யானோவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பயிற்சிக்குப் படகில் போய்வர ஆரம்பித்தான். அவன் கதவில் யாரோ 'துரோகி' என்று பெயின்ட் அடித்தார்கள். "எழுத்து நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும்," என்று விட்டுவிட்டான். மூன்று பருவம் ஆடினான்.

மூன்றாவது பருவம் முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமை பாருக்கு வந்து டேப் கேட்டான். சட்டைக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்தான். அதே சுவரொட்டி. பழைய தேதியை அடித்துவிட்டு மறுநாள் தேதியைத் தன் கையால் எழுதியிருந்தான். மறுநாள் எங்கள் மைதானத்தில் ஓர்மாஸோடு வில்யானோவுக்கு ஆட்டம். அதே சுவரில், அதே இடத்தில் ஒட்டினான்.

"கடைசி ஆட்டமா?"

"ஆமா. நான்தான் சொல்றேன்."

டேப்பை வாங்கி உள்ளே வைத்தேன். பிறகு கேட்டேன்:

"பூ வாங்கணுமா?"

"வேண்டாம். கணவாய் வறுத்து வை. முழு ஆட்டமும் ஆடுவேன், பசிக்கும்."