பூட்டறை ரெங்கம்மா

பதுளையில் ரெங்கம்மா வேலை பார்த்த சர்க்கார் ஆஸ்பத்திரியின் பின்புறம், சமையல் கொட்டகையைத் தாண்டி, இரண்டு அறைகள் இருந்தன. புத்தி பேதலித்தவர்கள் என்று கொண்டுவரப்படுகிறவர்களை அங்கே பூட்டி வைத்துப் பத்து நாள் பார்ப்பார்கள். பிறகு டாக்டர் ஒரு தாளில் எழுதுவார். மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போடுவார். பண்டாரவளை வரைக்கும் மாட்டுவண்டி, அங்கிருந்து ரயிலில் கொழும்புப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. போன பெண்கள் யாரும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை.

பெண்கள் அறையின் சாவி பதினோரு வருஷமாக ரெங்கம்மாவின் இடுப்பில் இருந்தது. கடைவீதியில் அவளுக்குப் பூட்டறை ரெங்கம்மா என்றே பெயர். குளிப்பாட்ட வேண்டும், சோறூட்ட வேண்டும், பூட்ட வேண்டும். நோயாளியைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது அவள் வேலையில் சேராது. ஆனாலும் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது: இங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முதலில் ஒரு வாரம் வயிறாரச் சோறு போட்டுவிட்டு, அப்புறம் பைத்தியமா என்று பார்க்கலாம்.

1913 ஆடியில், தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து காத்தாயியைக் கையைக் கட்டிக் கொண்டுவந்தார்கள். இருபது வயசிருக்கும். பிறந்த பிள்ளை ஒன்பதாம் நாள் இறந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு அவள் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் போய் நிற்கவில்லை. பிள்ளையைப் புதைத்த இடத்தில் உட்கார்ந்து தாலாட்டுப் பாடினாள். கங்காணி கோடாங்கியை வரவழைத்தார். அவன் உடுக்கை அடித்து, வேப்பிலையால் விளாசி, அவள் உள்ளங்கையில் கற்பூரம் கொளுத்திப் பேய் ஓட்டினான். பேய் போகவில்லை, தோல்தான் போயிற்று. பிறகு தோட்டத்துத் துரை ஒரு கடிதம் எழுதி இங்கே அனுப்பிவிட்டார். புருஷன் பொன்னையா கூட வருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறான். தோட்டத்தை விட்டு இறங்கக் கூடாது, கூப்பிட்டால் போகலாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

குளிப்பாட்டும்போதுதான் ரெங்கம்மா கவனித்தாள். மார்பு இரண்டும் பால் கட்டிக் கல்லாய் இருந்தன. ஒன்று சிவந்து கொதித்தது. உடம்பு அனலாய்ச் சுட்டது. பேய் என்று ஒருவன் சொன்னான், பைத்தியம் என்று ஒரு கடிதம் சொல்லிற்று. காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்க்க ஒருவருக்கும் கை வரவில்லை. ரெங்கம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு டாக்டருக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் வந்து சீழைக் கீறி மருந்து வைத்தார்.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. காத்தாயி கஞ்சி கேட்டுக் குடித்தாள். தலை சிக்காயிருக்கிறது, வாரிவிடுங்கள் என்றாள். பிள்ளையின் காதோரத்தில் ஒரு மச்சம் இருந்தது என்று சொல்லி, ரெங்கம்மாவின் மடியில் முகம் புதைத்து அழுதாள். அழ வேண்டியதற்கு அழுகிறவளிடம் என்ன பைத்தியம் என்று ரெங்கம்மா நினைத்தாள்.

தாள் அப்படி நினைக்கவில்லை. ஒன்பதாம் நாள் புதன்கிழமை, டாக்டர் கேள்விகளோடு வந்தார். பறங்கிக்காரர், தமிழ் கொஞ்சம்தான் வரும். அவருடைய கேள்வியை ஆஸ்பத்திரிக் கிளார்க் அலவி தமிழில் கேட்டார். இன்று என்ன தேதி? காத்தாயிக்குத் தெரியவில்லை. தேதி எந்த லயத்து வீட்டுச் சுவரில் தொங்குகிறது, அவளுக்குத் தெரிய? புருஷன் பெயர் என்ன? அவள் தலை குனிந்தாள். மூன்று தரம் கேட்டார்கள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். பதிலில்லை என்றார் அலவி. சொந்தப் புருஷன் பெயரே நினைவில்லை என்று டாக்டர் எழுதினார். வெள்ளிக்கிழமை காலை வண்டி என்று முடிவாயிற்று.

ரெங்கம்மா அலவியை நடையில் மறித்தாள்.

“ஏன் அலவி நானா, ஒங்க சம்சாரம் ஒங்க பேரச் சொல்லுமா?”

“சொல்லாது. அதுக்கென்ன?”

“அத டாக்டர் தொரைகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?”

“அவர் கேட்டதைத்தான் நான் சொல்லணும், ரெங்கம்மா. கேட்காததுக்கு எனக்குச் சம்பளமில்லை.”

மறுநாள் மத்தியானம் ரெங்கம்மா கூப்பிடாமலே டாக்டரின் மேசை முன்னால் போய் நின்றாள். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. இடுப்புச் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்; அலவி அதை இங்கிலீஷில் பெயர்த்தார். அந்தப் பெண்ணுக்குப் பேர் தெரியும். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று பயந்துதான் சொல்லவில்லை. தோட்டத்தில் எவளும் சொல்ல மாட்டாள். டாக்டர் நம்பவில்லை. இரக்கப்பட்டுப் பேசுகிறாள் என்று எண்ணினார். பேனாவைக் கீழே வைத்தார்.

“சரி, ரெங்கம்மா. உனக்குப் புத்தி நல்லா இருக்கு. உன் புருஷன் பேர் என்ன?”

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. அவன் கொள்ளைநோயில் போய்ப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. சொன்னால் இனி யாருடைய ஆயுசும் குறையப் போவதில்லை என்று அவளுக்கே தெரியும். சொல்லாவிட்டால் திமிர் என்று சாவியைப் பிடுங்கிவிடுவாரோ என்றும் தோன்றியது. வாயைத் திறந்தாள். நாக்கு எழவில்லை. கை தானாகப் போய் முந்தானையை வாய்மேல் இழுத்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. காத்தாயியின் தாளை எடுத்து, புருஷன் பெயர் நினைவில்லை என்ற வரியைக் குறுக்கே அடித்தார். வண்டி வேண்டாம் என்றும், புருஷனை வரச்சொல்லிக் கடிதம் போகட்டும் என்றும் அலவியிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பொன்னையா தோளில் கம்பளியோடு நடந்தே வந்து, கைநாட்டு வைத்துவிட்டு வாசலில் காத்திருந்தான். ரெங்கம்மா காத்தாயிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“இனிமே எந்தத் தொர கேட்டாலும் பேரச் சொல்லிப்புடு, புள்ள.”

“நீங்களே சொல்லலையாமே, அக்கா?”

சீப்பு நின்றது.

“நான் ஒரு நாளும் சொன்னதில்ல. பொத்திப் பொத்தி வச்சேன். இருபத்தஞ்சு வயசுல போயிட்டாரு.”

காத்தாயி திரும்பிப் பார்த்தாள். “அவுக பேரு என்னக்கா?”

“மாயாண்டி,” என்றாள் ரெங்கம்மா.

கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. வெளியே ஆடிக்காற்று அடித்தபடியே அடித்தது. சொல்லக் கேட்க நன்றாயிருந்தது. அதனால் இன்னொரு தரமும் சொன்னாள். பிறகு பின்னலை முடிந்து, காத்தாயியை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனாள்.

பொன்னையா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். காத்தாயி படியில் நின்று, வெந்த உள்ளங்கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, மெல்லக் கூப்பிட்டாள்:

“பொன்னையா.”

அவன் தன்னைக் கூப்பிட்டது யாரென்று தெருவின் இரண்டு பக்கமும் தேடினான்.